“யோசிக்காத” என்று சொல்வதற்கு முன்: தலவாக்கலை லயங்களில் உளநலம்

தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ‘மனச்சோர்வு’ என்ற சொல்லை நான் யாருடைய வாயிலும் கேட்டதில்லை. அங்கே அதற்குப் பெயர் ‘யோசனை’. “அவளுக்கு யோசனை கூடிப்போச்சு” என்றால், அந்தப் பெண் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, கொழுந்து மலையில் யாரோடும் பேசுவதில்லை என்று அர்த்தம். அதற்கு வீட்டிலும் பக்கத்துக் காம்பராவிலும் கிடைக்கும் மருந்தும் அதே சொல்லிலிருந்துதான் வருகிறது: “யோசிக்காத.”

அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் யோசிப்பதை நிறுத்த முடியாததுதான் அவளுடைய நோயே. காய்ச்சல்காரரிடம் “சுடாதே” என்று சொல்வதைப் போன்றது அது. இரண்டு தடவை அப்படிக் கேட்ட பிறகு அவள் வாய் திறப்பதை நிறுத்திவிடுகிறாள். வீட்டார் ‘இப்ப பரவாயில்ல’ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மனம் சொல்ல முடியாததை உடம்பு சொல்லும். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ‘கவலையாக இருக்கிறது’ என்று யாரும் வருவதில்லை. தலையிடி, நெஞ்சடைப்பு, உடம்பெரிவு, கைகால் உளைச்சல் என்றே வருகிறார்கள், பெனடோலோடு திரும்புகிறார்கள். வடக்கிலும் வன்னியிலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இது புதிதல்ல. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், நம்மவர்கள் மனத்தின் வலியை உடல் நோவாகவே சொல்வதை விரிவாக எழுதியிருக்கிறார். போர் தனி ஆட்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்பதும் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் விடயம்.

மலையகத்தைப் போர் தொடாத மண் என்று நினைப்பவர்கள் உண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் கடைசி வரை போருக்குள் இருந்தன. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் சுற்றிவளைப்புகளில் பிடிபட்டார்கள். 2000 ஒக்டோபரில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டதை அடுத்த நாட்களில் தலவாக்கலையும் கொந்தளிப்பில்தான் இருந்தது. அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

சரி, உடம்புக்குள் நடப்பது என்ன? தோட்டத்து ஆட்களுக்குக் குளவியைச் சொன்னால் உடனே விளங்கும். மலையில் குளவிக்கூடு கலைந்தால் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவோம். நெஞ்சு படபடக்கும், மூச்சு இரைக்கும், கை நடுங்கும், வயிறு கலங்கும். உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் இரத்தத்தில் கலந்துவிடும் நேரம் அது. குளவி போனதும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். வாராவாரம் வாசலுக்கு வரும் நுண்கடன்காரருக்கும், குடித்துவிட்டு வரும் கணவனின் காலடிச் சத்தத்துக்கும், நிறை குறைந்து அரைப்பேர் போட்டுவிடுவார்களோ என்ற பயத்துக்கும் உடம்பு அதே சங்கைத்தான் ஊதுகிறது. வித்தியாசம் ஒன்றுதான்: இந்தக் குளவி போவதே இல்லை. மாதக்கணக்கில் ஊதிக்கொண்டிருக்கும் சங்கு தூக்கத்தைக் கெடுக்கும், செரிமானத்தைக் கெடுக்கும், ஞாபகத்தைக் குறைக்கும், பிள்ளை சத்தம் போட்டால்கூட அடிக்கக் கை ஓங்க வைக்கும். அது கெட்ட குணமுமல்ல, சாமிக் குற்றமுமல்ல.

லயத்தில் இன்னொரு கஷ்டமும் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை. இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மனம்விட்டு அழ ஓரிடம் வேண்டுமென்றால் விறகுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மலைக்குத்தான் போக வேண்டும். “தனியாக அமைதியான அறையில் உட்காருங்கள்” என்று தொடங்கும் ஆலோசனைகளை வாசிக்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

இங்கே நடக்கக்கூடியது எது? நாற்பதுகளில் இருக்கும் ஓர் அக்காவின் கதையைச் சொல்கிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். கடன், குடிகாரக் கணவர், கொழும்பில் வேலைக்குப் போய் ஒழுங்காகப் பேசாத மகள். மூன்று மாதமாகத் தூக்கமில்லை. அவரை மீட்டெடுக்கத் தொடங்கியது அவருடைய நாத்தனார். அந்தப் பெண் “யோசிக்காத” என்று சொல்லவில்லை. பின்னேரம் பீலியில் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் பக்கத்தில் நின்று, “இன்னைக்கு என்னண்ணி யோசன?” என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் கேட்டார். பதில் சொல்லி முடியும் வரை குறுக்கே பேசவில்லை. பிறகு இருவருமாக யோசனைகளை இரண்டாகப் பிரித்தார்கள்: நம்மால் ஏதாவது செய்யக்கூடியது, செய்ய முடியாதது. கடன் முதல் பக்கம். எந்தக் கடன் எவ்வளவு, யாரிடம் தவணை கேட்கலாம் என்று மகனின் கொப்பியில் எழுதினார்கள். கணவரின் குடி இரண்டாம் பக்கம். அதை அவர் சுமக்க வேண்டியதில்லை என்று முடிவானது. “கடன் அப்படியேதான் இருக்கு. ஆனா ராத்திரில அது எம்மேல ஏறி உக்கார்றதில்ல” என்றார் என்னிடம்.

இருவரும் பயிற்சி எதுவும் பெற்றவர்களல்லர். ஆனால் உலக சுகாதார நிறுவனம் உளவியல் முதலுதவிக்குச் சொல்லும் மூன்று சொற்களும் அதில் இருக்கின்றன: பார், கேள், இணை. ஆளின் மாற்றத்தைப் பார், குறுக்கிடாமல் கேள், தேவையான உதவியோடு இணை. முதல் இரண்டையும் ஒரு குடும்பம் இன்றைக்கே தொடங்கலாம்.

உடம்பின் சங்கை அடக்கவும் வழி உண்டு. மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். கொழுந்துக் கூடையோடு ஏறும்போதுகூடச் செய்யலாம். மூச்சோடு ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்வது நம்மவர்களுக்கு இலகு. முருகன் பெயரோ, செபமாலையோ, திக்ரோ, அவரவர் நம்பிக்கைப்படி. தயா சோமசுந்தரம் வடக்கில் இப்படித்தான் பழக்கினார். கோடாங்கியிடமோ மாடசாமி கோயிலுக்கோ போகிறவர்களைக் கேலி செய்வதால் எந்த நோயும் குணமாகப்போவதில்லை. பூசையும் வைக்கட்டும், கிளினிக்குக்கும் போகட்டும். ஒன்றுக்காக மற்றதை விடாமல் இருந்தால் போதும். தூக்கம் வராதவர்கள் பின்னேரத்துக்குப் பிறகு சாயத் தண்ணீரைக் குறைப்பதும் நல்லது. தேயிலைத் தோட்டத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனாலும் உண்மை.

ஆண்களின் யோசனை பெரும்பாலும் போத்தலுக்குள் போய்விடுகிறது. சாராயமோ கசிப்போ முதலில் தூங்க வைக்கும். நடு இரவில் எழுப்பிவிடும், அடுத்த நாள் மனத்தை இன்னும் கீழே தள்ளும். வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவரை “நாளையிலிருந்து ஒரு சொட்டும் கூடாது” என்று வீட்டில் கட்டிப்போடுவது ஆபத்து. நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். வைத்தியரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

எப்போது வைத்தியசாலைக்குப் போவது? இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டிருந்தால், எதிலும் விருப்பமில்லாமல் வேலை, சமையல், பிள்ளைகள் எல்லாம் தடைப்பட்டால் போக வேண்டும். இல்லாத குரல் கேட்டால், எல்லோரும் தனக்கு எதிராகச் சூழ்ச்சி செய்வதாக நம்பினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். “நான் இருந்து என்ன பயன்” என்ற பேச்சு வந்தால் அன்றே. அப்படிப் பேசுபவரிடம், “செத்துப்போகலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது தவறான பயம். பெரும்பாலானவர்களுக்கு, கடைசியில் ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதல்தான் வரும். பிறகு தனியே விடாதீர்கள்.

இதில் இலங்கை உலகத்துக்கே ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. 1995இல் இங்கே இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அதிக நச்சுத்தன்மையுள்ள பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடை செய்ததும் அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. 1995க்கும் 2015க்கும் இடையில் சுமார் 93,000 உயிர்கள் இதனால் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நாட்டில் கவலை குறையவில்லை. போர் நடந்தது, சுனாமி வந்தது. மாறியது, அந்தக் கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நஞ்சுதான். சாக வேண்டும் என்ற வேகம் பலருக்கு அலைபோல் வந்து சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. அதுவரை ஆளைத் தாங்கிப் பிடித்தால் போதும். நுவரெலியா மாவட்டம் மரக்கறிச் செய்கையின் மாவட்டமும்கூட. மருந்துப் போத்தல்களைக் காம்பராவுக்குள்ளோ கட்டிலுக்கு அடியிலோ வைக்காமல், வீட்டுக்கு வெளியே பூட்டி வைத்து, சாவியை இன்னொருவரிடம் கொடுங்கள். வீட்டில் உள்ள மாத்திரைகளுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது, எங்கே போவது என்பது. ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். உளநலச் சிகிச்சை என்றால் அங்கே கொண்டுபோய் அடைப்பது என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். நாட்டின் மனநோய்ச் சட்டம் 1873ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காலத்துக் கட்டளைச் சட்டமாகவே இருந்து வந்திருப்பதைப் பார்த்தால் அந்தப் பயத்தை முற்றிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் 2005இல் வந்த உளநலக் கொள்கைக்குப் பிறகு சேவை மாவட்டங்களுக்கு நகர்ந்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது மாதாந்தக் கிளினிக்கும் கொஞ்சம் மாத்திரையும் பேச்சும்தான். தலவாக்கலைக்காரர்கள் லிந்துலை வைத்தியசாலையில் விசாரித்து, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கலாம். அரச வைத்தியசாலையில் இது இலவசம். தோட்டத்துக்கு வரும் மருத்துவிச்சியிடமும் கேட்கலாம். போக முடியாத இரவில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929.

நடைமுறையில் தடுப்பது வெட்கம் மட்டுமல்ல. கிளினிக் நாளில் பேர் விழாது. பஸ் காசும் வேண்டும். அங்கே போனால் மொழி. தாயின் துயரத்தைப் பன்னிரண்டு வயது மகள் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எதைச் சொன்னாள், எதை விழுங்கினாள் என்று தெரியாது. பிள்ளைகளை இதற்கு அழைத்துப் போகாதீர்கள். வயதுக்கு வந்த, வாயை அடக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியானது. தமிழ் தெரிந்த வைத்தியரையோ தாதியையோ கேட்பது சலுகை கேட்பதல்ல. தூக்கம், சாப்பாடு, எத்தனை வாரமாக, என்ன மாத்திரை ஏற்கெனவே குடிக்கிறார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் கிடைக்கும் சில நிமிடமும் வீணாகாது.

மாத்திரை தந்தால் ஒரு வாரத்தில் “ஒன்றும் சுகமில்லை” என்று நிறுத்தாதீர்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். முதல் நாட்களில் வயிற்றுப் பிரட்டலும் தலைச்சுற்றும் வரலாம். சுகமானதும் தாமாகவே விடுவதும் கூடாது. அடுத்த கிளினிக் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு, அன்றைக்குக் கூடப் போகப்போவது யார் என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.