கார் என்ஜினின் காற்றுப் பாதையைச் சுத்தம் செய்வது பயன் தருமா?

மும்பை: காரை சர்வீஸுக்கு விடும்போது, ஆயில் மாற்றத்துடன் ‘இன்டேக் கிளீனிங்’ என்ற செலவும் பட்டியலில் சேர்க்கப்படுவது உண்டு. என்ஜினுக்குள் காற்று செல்லும் பாதையைச் சுத்தம் செய்தால் மைலேஜ் கூடும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் டாக்ஸி ஓட்டிக் குடும்பம் நடத்துவோருக்கு இது அன்றாட வருமானத்திலிருந்து போகும் பணம். அந்தச் செலவு அவசியமா?

காற்றின் பங்கு

பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் ஒரு பங்கு எரிபொருளுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. அதாவது, 1 லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 9,000 லிட்டர் காற்றை என்ஜின் உள்ளிழுக்கிறது. இக்காற்று ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி, மேனிஃபோல்டு ஆகியவற்றைக் கடந்து வால்வுகளை அடைகிறது. ஒவ்வொன்றும் அழுக்கடையும் காரணம் வேறு என்பதால், தீர்வும் வேறுபடுகிறது.

மைலேஜ் கூடுமா?

பிரீமியர் பத்மினி போன்ற பழைய பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் இருந்தது. அவற்றில் ஃபில்டர் அடைபட்டால் காற்று குறைந்து எரிபொருள் வீணாகும். இன்றைய கார்களிலோ, உள்ளே வரும் காற்றை சென்சார்கள் மூலம் கணக்கிட்டு, அதற்கேற்ற அளவு எரிபொருளையே கணினி செலுத்துகிறது.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதி செய்தது. நவீன பெட்ரோல் கார்களில் அடைபட்ட ஃபில்டரை மாற்றுவதால் மைலேஜ் உயர்வதில்லை. வேகமெடுக்கும் திறன் மட்டுமே மேம்படுகிறது.

எப்போது அவசியம்?

ஏர் ஃபில்டர்: மைலேஜுக்காக அல்ல, தூசியிலிருந்து என்ஜினைக் காக்கவே இது தேவை. கட்டுமானத் தூசி மிகுந்த பகுதிகளில், கையேட்டில் குறிப்பிட்ட காலத்துக்கு முன்பே இதைச் சோதிப்பது நல்லது. காகித ஃபில்டரை நீரில் கழுவக் கூடாது; அழுத்தக் காற்றை வேகமாகப் பாய்ச்சினால் கிழியக்கூடும். அடைபட்டிருந்தால் மாற்றுவதே முறை.

த்ராட்டில் பாடி: எண்ணெய் ஆவியும் தூசியும் சேர்ந்து இதில் பிசுபிசுப்பாகப் படியும். சிக்னலில் நிற்கும்போது என்ஜின் ஏறி இறங்கி ஓடினாலோ, அணைந்துபோனாலோ இதைச் சுத்தம் செய்வது பலன் தரும். சி.என்.ஜி. டாக்ஸிகளுக்கும் இது பொருந்தும்.

வால்வுகள்: வால்வுக்கு முன்பாக பெட்ரோல் தெளிக்கப்படும் என்ஜின்களில், அந்த பெட்ரோலே படிவுகளைப் பெருமளவு கழுவிவிடுகிறது. சிலிண்டருக்குள் நேரடியாக பெட்ரோல் தெளிக்கப்படும் என்ஜின்களில் அந்த வாய்ப்பு இல்லாததால், வால்வுகளில் கரி படிகிறது. டீசல் என்ஜின்களில், மறுசுழற்சியாக உள்ளே வரும் புகைக்கரியும் காற்றுப் பாதையில் சேர்கிறது. இழுவை குறைவது போன்ற அறிகுறிகள் தெரிந்தால், இவ்வகை என்ஜின்களுக்குச் சுத்தம் செய்வது தகுந்த செலவே. ஆனால் கெட்டியான கரி வெறும் ஸ்பிரேயில் முழுவதும் அகலாது. பாகங்களைக் கழற்றியே நீக்க வேண்டும்.

மழைக்கால எச்சரிக்கை

மும்பையில் காற்றுப் பாதைக்குத் தூசியைவிடப் பெரிய ஆபத்து மழைநீர். மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் போன்ற இடங்களில் தேங்கும் நீர் இப்பாதை வழியே சிலிண்டருக்குள் புகுந்தால், என்ஜின் பாகங்களே வளைந்துவிடும். வெள்ளத்தில் கார் நின்றுபோனால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல், முதலில் ஏர் ஃபில்டர் நனைந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

ஆகவே, குறையின்றி ஓடும் காருக்கு ஒவ்வொரு சர்வீஸிலும் இச்செலவு தேவையில்லை. ‘என்ன அறிகுறி? எந்த பாகம் அழுக்கடைந்துள்ளது?’ என்று கேட்டு, அதை நேரில் பார்த்த பிறகு சம்மதம் தெரிவிப்பதே பணத்தைச் சேமிக்கும் வழி.