அறுந்து விழுந்த கம்பியில் மின்சாரம் இருக்குமா?

11 கேவி மின்கம்பி அறுந்து விழுந்ததும் துணை மின்நிலையத்தில் பிரேக்கர் விழுந்து சப்ளை நின்றுவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. பாயும் மின்னோட்டம் நிர்ணயித்த அளவைத் தாண்டினால்தான் ரிலே பிரேக்கரைத் திறக்கும். இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் மின்னோட்டம் பல மடங்கு எகிறும். நொடியில் சப்ளை நிற்கும். காய்ந்த மணலிலோ தார்ச்சாலையிலோ விழுந்தால் அப்படியல்ல. தரையின் மின்தடை அதிகமாக இருப்பதால் சில ஆம்பியரே பாயும். சில நேரம் அதுவும் பாயாது. ரிலேவின் கண்ணுக்கு அது வழக்கமான லோடுதான். பூமிக்குக் கசிவதைக் கண்காணிக்கும் தனி ரிலே இருந்தாலும், அதற்கும் ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு.

ஆகவே பொறி பறக்காமல் கிடக்கும் கம்பியே அதிகம் ஏமாற்றும். பிரேக்கர் விழுந்திருந்தாலும், மரக்கிளை உரசியிருக்கும் என்று கருதிப் அந்த மின்பாதையை (பீடரை) மறுபடி சார்ஜ் செய்து பார்ப்பதுண்டு. குறைந்தது 10 மீட்டராவது விலகி நிற்க வேண்டும். ஈரத்தரையில் இரு பாதங்களுக்கு நடுவேகூட வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். முன்னங்காலும் பின்னங்காலும் தள்ளியிருக்கும் மாடுகள் முதலில் பலியாவது இதனால்தான். அருகில் மாட்டிக்கொண்டவர் பாதங்களை ஒட்டி வைத்து, தூக்காமல் தேய்த்தபடி வெளியேற வேண்டும். கசிவைக் கண்டதும் சப்ளையைத் துண்டிக்க வீட்டில் மாட்டும் ஆர்சிசிபி நல்லதுதான், ஆனால் தெருக்கம்பிக்கு அது காவல் இல்லை.

தமிழ்நாட்டில் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. பக்கத்துக் கம்பத்தின் எண்ணைச் சொன்னால் ஆள் வந்து சேர்வது எளிது. தொய்ந்த கம்பி, சாய்ந்த கம்பம் பற்றிப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குவது நல்லது. நடவடிக்கை இல்லையென்றால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர்; இரண்டுக்கும் மின்சாரச் சட்டம் 2003-இன் 42-ஆவது பிரிவே அடிப்படை.

உயிரிழப்பு நேர்ந்தால் சட்டம் பாதிக்கப்பட்டவர் பக்கம் ஓரளவு சாய்ந்தே நிற்கிறது. மத்தியப் பிரதேசத்தில் இரவில் சைக்கிளில் வந்தவர், மழைநீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த கம்பியில் பட்டு இறந்தார். யாரோ மின்சாரம் திருடியதால் வந்த வினை என்று மின்வாரியம் வாதிட்டது. கவனக்குறைவு இருந்ததோ இல்லையோ, ஆபத்தான பொருளைக் கையாள்பவரே பொறுப்பு என்று கூறி 2002-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. இழப்பீடு கோரும் குடும்பத்துக்கு முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மின்சாரச் சட்டத்தின் 161-ஆவது பிரிவின்கீழ் மின் ஆய்வாளர் நடத்தும் விசாரணையின் அறிக்கை ஆகியவை தேவைப்படும். கம்பியை அகற்றுவதற்கு முன் தூரத்திலிருந்தே எடுத்த புகைப்படமும் வழக்கில் கைகொடுக்கும்.