உங்களுக்குத் தெரியுமா? எண்ணெய்க் கிணற்றுக்கு அமில வைத்தியம்

எண்ணெய்க் கிணறு ஓய்ந்துவிட்டால், அடியில் சரக்கு தீர்ந்தது என்று பொருளல்ல. துளையிடும்போது செலுத்திய சேற்றுக்கலவையே பாறையின் நுண்துளைகளை அடைத்திருக்கலாம்.

சுண்ணாம்புப் பாறையானால், ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைக் கரைத்து வழி திறக்கும். கந்தகம் எடுக்கும் முறைக்குப் பேர்போன ஹெர்மன் ஃபிராஷ் 1896-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அமிலம் பாறையோடு இரும்புக் குழாயையும் தின்றது. யோசனை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது.

1932 பிப்ரவரியில், அமெரிக்காவின் மிச்சிகனில் டவ் கெமிக்கல் நிறுவனத்தார் செத்துக் கிடந்த கிணறு ஒன்றில் 500 கேலன் அமிலத்தை இறக்கினார்கள். குழாயைக் காக்க அதில் கலந்தது, ஆர்சனிக்! நஞ்சுதான், ஆனால் இரும்பு தப்பியது. கிணறு நாளுக்கு 16 பீப்பாய் எண்ணெய் தந்தது.

மணற்பாறை ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு மசியாது. அதற்குக் கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் சேர வேண்டும்.