கடைசி மைலில் கரையும் இலாபம்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஒரு பொதி வந்துசேர ஆகும் செலவைவிட, யாழ்ப்பாணத்திலிருந்து அது கடை வாசலுக்கு வர ஆகும் செலவு சில வேளை கூடிவிடுகிறது. தீவகத்தில் வியாபாரம் செய்யும் பலர் இதை என்னிடம் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறார்கள். வர்த்தக உலகில் இதற்குக் 'கடைசி மைல்' பிரச்சினை என்று பெயர்.

காரணம் எளிதானது. லொறியில் பல வியாபாரிகளின் பொதிகள் ஏறுவதால் செலவு எல்லோருக்கும் பங்காகிவிடுகிறது. கடைசி மைலிலோ ஒரு பொதிக்கு ஒரு வண்டி. திரும்பும்போது அதுவும் வெறும் வண்டி. தனிநாயகம் அடிகளார் பிறந்த கரம்பொனையே எடுத்துக்கொள்வோம். பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை வழியாக வரவேண்டும். போரினாலும் புலம்பெயர்வினாலும் குடும்பங்கள் குறைந்துவிட்ட ஊர். வீடுகளும் கடைகளும் தள்ளித் தள்ளி இருப்பதால் செலவு இன்னும் ஏறுகிறது.

இதற்கான பரிகாரம் நமது கொழும்புப் புறக்கோட்டையிலேயே இருக்கிறது. பிரதான வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் லொறி நுழைந்தால் தெருவே நின்றுவிடும். ஆகவே லொறி ஓரிடத்தில் நிற்க, அங்கிருந்து கடை வரை நாட்டாமிமார் கைவண்டியில் பொதிகளைக் கொண்டுசேர்க்கிறார்கள். ஒரே வண்டியில் பல கடைகளின் பொதிகள் போகும். அடையாளத்துக்குப் பொதியின் மேல் உள்ள குறி போதும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூ.ஆர். முறையில் முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர் பெற்றோல் என்று தொடங்கியபோது, அந்தக் கைவண்டிக்கு வரிசையும் தேவைப்படவில்லை, கியூ.ஆரும் தேவைப்படவில்லை.

பெரிய நாடுகளும் இன்று இதே வழிக்குத்தான் திரும்புகின்றன. கரம்பொன் இருக்கும் தீவுக்கு ஒல்லாந்தர் 'லைடன்' என்று தமது ஊர்ப் பெயரை வைத்தார்கள். அவர்களுடைய நாட்டில் உட்ரெக்ட் என்ற பழைய நகரம் உண்டு. அங்கே கால்வாய்க் கரையின் கீழ் பழங்காலக் களஞ்சிய அறைகள் இருப்பதால் பாரமான லொறிகளை அனுமதிக்க முடியாது. ஆகவே உணவகங்களுக்கான சரக்கை ஓரிடத்தில் சேர்த்து நகரசபைப் படகில் அனுப்புகிறார்கள். 2010இல் அதற்கு மின்சாரப் படகையே விட்டார்கள். இடத்துக்கு ஏற்ற வாகனம், ஒரு வாகனத்தில் பலரின் சரக்கு என்பதே இரண்டு ஊருக்கும் பொதுவான சூத்திரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து கரம்பொனுக்கு ஒரு பயணச் செலவு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொதி மட்டும் வந்தால் 3,000 ரூபாயும் அதன் தலையில். பத்துப் பேர் சேர்ந்து பத்துப் பொதிகளை எடுப்பித்தால் ஆளுக்கு 300. சந்தியில் இறக்கி, சைக்கிளில் வாசல்வரை கொடுக்கும் ஊர்ப் பையனுக்குப் பொதிக்கு 100 ரூபாய் கூலி கொடுத்தாலும் 400தான். மிச்சமாகும் 2,600 ரூபாயில் விலையையும் குறைக்கலாம், இலாபமும் பார்க்கலாம். பையனுக்கு ஊரிலேயே ஒரு தொழிலும் கிடைக்கிறது.

பிறகு ஏன் சேர்வதில்லை? நமது கொள்முதல் அடுத்த கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான். புறக்கோட்டை வியாபாரிகளுக்குள் இல்லாத போட்டியா? பொதியைக் கட்டி முத்திரையிட்டு, மேலே கடைக்குறியை மட்டும் எழுதுங்கள். விலைச்சீட்டைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். பொதி ஓர் அமானிதம். ஆகவே ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒரு கொப்பியில் எண்ணிக்கையும் கையொப்பமும் இருக்கட்டும். உடைந்தால், தொலைந்தால் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே பேசி எழுதிவிடுங்கள்.

பத்துப் பேர் கிடைக்காவிட்டால் மூன்று பேருடன் தொடங்கலாம். வாரத்தில் இரண்டு நாளை நிர்ணயித்து, பொதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நாள் தவறாமல் நடத்த வேண்டும். நாள் நிச்சயமானால் வாடிக்கையாளர் காத்திருப்பார். நிச்சயமில்லாவிட்டால் அவரே பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் வாங்கிக்கொள்வார்.