தேய்ந்த நாணயமும் அதன் மதிப்பும்

பழைய நாணயம் ஒன்று கைக்குக் கிடைத்தவுடன் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, "இதற்கு என்ன விலை கிடைக்கும்?" என்பதாகும். இக்கேள்வி இயல்பானதே. ஆனால், இது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, "இது எந்த நாணயம்?" என்பது. ஆண்டு தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தால் விடை எளிது. பொறிப்புத் தேய்ந்து மறைந்த நாணயத்தில்தான் நம் அறிவுக்கு வேலை உண்டு. அவ்வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அமெரிக்கக் கால் டாலர் நாணயம் ஒன்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

1916ஆம் ஆண்டு முதல் 1930 வரை அமெரிக்காவில் ஒரு வகைக் கால் டாலர் அடிக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் ஹெர்மன் மெக்நீல் என்னும் சிற்பி. ஒரு பக்கத்தில் சுதந்திர தேவி ஒரு கையில் கேடயமும் மற்றொரு கையில் ஒலிவக் கிளையும் ஏந்தி, வாயிலொன்றில் நிற்கிறாள். மறுபக்கத்தில் கழுகு ஒன்று சிறகு விரித்துப் பறக்கிறது. அழகிய நாணயம், ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. தேவி நிற்கும் படியின்மீது ஆண்டெண்ணை மேடாகப் பொறித்திருந்தார்கள். மேடான இடமே முதலில் உராயும் அல்லவா? சில ஆண்டுகள் கைமாறியதும் ஆண்டெண் மறைந்துவிட்டது. இதனை உணர்ந்து, 1925இல் ஆண்டெண்ணைப் பள்ளத்தினுள் அமைத்தார்கள். அதற்குப்பின் வந்த நாணயங்களில் மற்றப் பகுதிகள் தேய்ந்தாலும் ஆண்டெண் எஞ்சி நிற்கிறது. ஆகவே, இவ்வகையில் ஆண்டெண் முற்றும் அழிந்த நாணயம் பெரும்பாலும் 1916க்கும் 1924க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். இல்லாத எண்ணே நமக்கு ஒரு சான்றாகிவிடுகிறது!

இத்தகைய நாணயம் ஒன்றை என் நண்பரின் மகன் என்னிடம் கொண்டுவந்தான். கப்பலில் பணியாற்றிய அவன் பாட்டனார் கொணர்ந்தது அது. கல்லூரிக் கட்டணத்துக்காக அதனை விற்கலாமா என்று வீட்டில் ஆலோசனை. வெள்ளிக் கடைக்காரர் ஒருவர் எடைக்கு எடை பணம் தருவதாகக் கூறியிருந்தார். மாணவனோ, 1916ஆம் ஆண்டு நாணயம் பெருவிலை பெறும் என்று எங்கோ படித்திருந்தான். இரண்டில் எது உண்மை?

முதலில் கழுகின் அடியில் நோக்கினேன். 1917ஆம் ஆண்டின் இடையில் இந்நாணயத்தின் வடிவம் மாற்றப்பட்டது. மாற்றத்துக்குப்பின் வந்தவற்றில் கழுகின் கீழே மூன்று விண்மீன்கள் உண்டு. தேவியின் மார்பைக் கவசம் மூடியிருக்கும். முன்னையவற்றில் பதின்மூன்று விண்மீன்களும் கழுகின் இருபுறமுமே நிற்கும். மாணவன் தந்த நாணயத்தில் கழுகின் கீழ் விண்மீன் இல்லை. எனவே, அது 1916 அல்லது 1917 என்பது உறுதியாயிற்று. ஒன்பது ஆண்டுகள் இரண்டாகக் குறுகிவிட்டன.

இவ்விரண்டுக்கும் இடையேதான் விலையின் பெருவேறுபாடு இருக்கிறது. 1916இல் அடிக்கப்பட்டவை 52,000 மட்டுமே. 1917இல் பழைய வடிவத்தில் பிலடெல்பியா அக்கசாலை ஒன்றே 87 லட்சத்துக்கு மேல் அடித்தது. ஆதலால், 1916ஆம் ஆண்டு நாணயம் ஆண்டெண் அழிந்த நிலையிலும் மற்றவற்றைவிடப் பன்மடங்கு விலை பெறுகிறது. அதனை அறியத் தேவியின் கூந்தல் அமைப்பையும், ஆடையின் அடிமடிப்பையும் பெரிதாக்கிய படங்களுடன் ஒப்பிடுவார்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் அவ்விடங்களில் நுட்பமான வேறுபாடு உண்டு.

அந்த ஒப்பீட்டுக்கு முன்பே எனக்கு விடை கிடைத்துவிட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்ச் சாய்வாக ஒளி விழச் செய்தபோது, ஆண்டெண் இருந்த இடத்துக்கு இடப்பக்கம் 'டி' என்னும் எழுத்தின் சுவடு தென்பட்டது. அது டென்வர் அக்கசாலையின் அடையாளம். 1916ஆம் ஆண்டு இவ்வடிவத்தை அடித்தது பிலடெல்பியா மட்டுமே. அக்காலத்தில் அது அடையாள எழுத்து இட்டதில்லை. எனவே, அந்நாணயம் 1917ஐச் சார்ந்தது.

இனி விலைக்கு வருவோம். நாணயத்தின் விலை மூன்று படிகளால் ஆனது. முதற்படி உலோகம். இக்கால் டாலர் புதிதாக இருந்தபோது எடை 6.25 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. தேய்ந்தது அதனினும் குறைவாக இருக்கும். அன்றைய வெள்ளி விலைக்குக் கீழே அதன் மதிப்பு இறங்குவதில்லை. இரண்டாம் படி அருமை. பழமை வேறு, அருமை வேறு; பழைமையானதெல்லாம் அரியதன்று. மூன்றாம் படி நிலை. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் அமெரிக்கச் செப்பு நாணயங்களுக்காக வகுத்த ஒன்று முதல் எழுபது வரையிலான அளவுகோல், பின்னர் எல்லா நாணயங்களுக்கும் வழங்கலாயிற்று. என் முன்னிருந்த நாணயம் அதன் அடிப்படிகளிலேயே நின்றது. அது பெருஞ்செல்வமும் அன்று. வெறும் வெள்ளித் துண்டும் அன்று. வெள்ளியின் விலையும், அதற்குமேல் சிறிதும் பெறும் என்று மாணவனிடம் உள்ளபடி கூறினேன். அவன் முகம் வாடியது. எனினும், தெரியாமல் விற்பதைவிடத் தெரிந்து வைத்திருப்பது மேல் என்றான்.

மாணவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டும். நாணயத்தைப் புளியோ, சாம்பலோ இட்டுத் துலக்காதீர்கள். அதன் மேற்பரப்பில் காலம் படியவிட்ட நிறம் ஒரு முறை போனால் திரும்பாது. துலக்கிய நாணயத்தைச் சேகரிப்போர் ஒதுக்குவார்கள். மற்றொன்று, 1917ஐ 1916ஆகத் திருத்தி விற்கும் மோசடியும் உண்டு. எண்ணைத் திருத்துவது எளிது. கூந்தலையும் ஆடை மடிப்பையும் திருத்துவது அரிது. ஆகவே, எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் உருவம் முழுவதையும் ஆராய வேண்டும்.

சான்றுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, ஐயத்துக்கு இடமானவற்றைக் கழித்து, எஞ்சியதை ஏற்பதே அறிவியல் முறை. ஆய்வுக்கூடத்தில் கற்கும் அதே முறையை உள்ளங்கையில் அடங்கும் ஒரு தேய்ந்த நாணயத்திலும் பழகலாம். விருப்பத்துக்கு ஏற்ற விடையை விட்டுச் சான்று தரும் விடையை ஏற்கும் மனம் வாய்த்தால், அதுவே அந்நாணயம் நமக்குத் தரும் பெரிய ஊதியம்.