தொட்டி முந்தட்டும், மீன் பிந்தட்டும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி ஒரு கண்ணாடித் தொட்டியையும் மூன்று குட்டிப் பேத்தை மீன்களையும் ஒன்றாகவே வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். அன்றிரவே தொட்டியில் நீர் நிரப்பி மீன்களை விட்டோம். பட்டாணியைப் போன்ற உருண்டை உடலும், தனித்தனியே சுழலும் கண்களுமாக அவை நீந்திய அழகைப் பார்த்துப் பிள்ளைகள் உறங்கச் செல்ல மறுத்தனர். ஆறாம் நாள் காலையில் மூன்றும் இறந்து கிடந்தன. நீரோ பளிங்குபோல் தெளிந்திருந்தது. "தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் செத்துப்போயின?" என்று இளையவள் கேட்டாள். அன்று எங்களிடம் விடை இல்லை. அவ்விடையைத் தேடிக் கற்றவற்றையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

நம் நாட்டு மீன்

கடைகளில் 'பீ பஃபர்' என்ற பெயரில் விற்கப்படுவதால், இது அயல்நாட்டு மீன் என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் ஆறுகளுக்கு உரியது. கேரளத்தின் பம்பையாற்று மீன்களைக் கொண்டு 1941 ஆம் ஆண்டில் ஹோரா, நாயர் என்னும் இரு விலங்கியலாளர்கள் இதனை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினர். 'காரினோடெட்ரவோடான் திராவன்கோரிகஸ்' என்ற இதன் அறிவியற்பெயரிலேயே பழைய திருவிதாங்கூர் இடம்பெற்றிருக்கிறது.

முழு வளர்ச்சி அடைந்த பின்னும் இதன் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான். பேத்தை இனங்களுள் பெரும்பாலானவை கடலிலும் கழிமுகங்களிலும் வாழ, இதுவோ வாழ்நாள் முழுவதையும் நன்னீரிலேயே கழிப்பது. எனவே தொட்டியில் உப்புச் சேர்க்கத் தேவையில்லை. விற்பனைக்கு வருபவற்றுள் பல, ஆறுகளிலிருந்து நேராகப் பிடிக்கப்பட்டவை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை 'அழிய வாய்ப்புள்ள இனம்' என வகைப்படுத்தியுள்ளது. ஆகவே, நம் அவசரத்தால் ஒரு மீன் இறந்தால் அதை மீண்டும் ஒன்று வாங்கி ஈடுசெய்துவிடலாம் என்று எண்ணுவது முறையன்று.

தொட்டியின் அளவும் இடமும்

மீன் சிறியது என்பதால் மேசைமேல் வைக்கும் கண்ணாடிக் குடுவை போதும் என்று நினைப்பதே முதற்பிழை. நீரின் அளவு குறையக் குறைய, கழிவு அதில் விரைவாகச் செறியும். மேலும், இம்மீன் தன் எல்லையைக் காக்கச் சண்டையிடும் இயல்புடையது. 45 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி சுமார் 40 லிட்டர் கொள்ளும். அதில் ஓர் ஆணும் இரு பெண்களும் வாழலாம். ஐந்தாறு மீன்கள் வேண்டுமெனில் 60 லிட்டருக்குக் குறையாத தொட்டியைத் தேர்ந்தெடுப்பது நலம். கப்பி முதலிய மீன்களை உடன் விடலாகாது. அவற்றின் துடுப்புகளை இவை கடித்துக் குதறிவிடும்.

நீரும் மணலும் சேர்ந்தால் 40 லிட்டர்த் தொட்டியின் எடை 50 கிலோவைத் தாண்டும். எனவே உறுதியான, மட்டம் பிசகாத மேசை தேவை. சன்னலோரம் வேண்டாம்; வெயில் பட்டால் பாசி படர்வதோடு நீரும் சூடேறும். 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலை இம்மீனுக்கு ஏற்றது. மும்பையிலும் சென்னையிலும் பெரும்பாலும் இதற்கெனக் கருவி வேண்டியதில்லை. தில்லி போன்ற நகரங்களின் குளிர்காலத்திற்கு வெப்பமூட்டி இன்றியமையாதது.

தொட்டியை அமைத்தல்

அடியில் நன்கு கழுவிய மென்மணலை இரண்டு அங்குல உயரத்திற்குப் பரப்ப வேண்டும். வாலிஸ்நேரியா, ஜாவா பாசி, ஜாவா பெரணி முதலியவற்றை அடர்த்தியாக நட வேண்டும். மரவேர்களும் கற்களும் ஆங்காங்கே மறைவிடமாக அமையட்டும். ஒரு மீன் மற்றொன்றின் கண்ணில் படாமல் ஒதுங்க இடமிருந்தால் சண்டை பெரிதும் குறையும். இம்மீன் வேகமாக நீந்தும் ஆற்றலற்றது. ஆதலால் நீரை மெல்ல அசைக்கும் ஸ்பஞ்சு வடிகட்டியே பொருத்தமானது. அடிக்கடி மின்வெட்டு ஏற்படும் ஊர்களில், மின்கலத்தில் இயங்கும் சிறிய காற்றுப்பம்பு ஒன்று கைவசம் இருப்பது நன்று.

குழாய்நீரில் உள்ள குளோரின் மீனுக்கு நஞ்சு. நீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் நீங்கும். குளோரமின் கலந்த நீராயின் அவ்வாறு நீங்காது. அதற்கெனக் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேர்ப்பதே பாதுகாப்பு. ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றுவதும் தவறு. மீனுக்குத் தேவையான தாதுக்கள் அதில் மிகக் குறைவு.

ஆறு வாரக் காத்திருப்பு

இளையவளின் கேள்விக்கான விடை இங்குதான் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, கண்ணுக்குத் தெரியாது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறுவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது சிறிதளவு இருப்பதால் தீங்கில்லை. புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவில் இருப்பதில்லை. அவை வடிகட்டியிலும் மணலிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். எங்கள் மீன்கள் தெளிந்த நீரில் மடிந்ததன் காரணம் இதுவே.

ஆகவே மீன் இல்லாமலேயே வடிகட்டியை இயக்கி, இரு நாட்களுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீனுணவை நீரில் இட வேண்டும். அது அழுகி நுண்ணுயிர்களுக்கு இரையாகும். ஏற்கெனவே நன்கு இயங்கும் தொட்டியிலிருந்து சிறிது ஸ்பஞ்சு கிடைத்தால் காத்திருப்பு குறையும். நீர்ப்பரிசோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வாரம் இருமுறை சோதித்துக் குறித்து வாருங்கள். முதலில் அம்மோனியா உயரும். பிறகு நைட்ரைட் உயரும். இறுதியில் இரண்டும் இறங்கும். உணவிட்டு வரும்போதே ஒரு வாரம் தொடர்ந்து இரண்டும் சுழியமாகவே இருந்தால் தொட்டி ஆயத்தமாகிவிட்டது. முதிர்வு நாள் வரை பொறுப்பதன் பயனை வைப்புத்தொகை வைத்திருப்போருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இக்காலத்தில் சிறு நத்தைகள் சிலவற்றை வேறொரு பாத்திரத்தில் வளர்க்கத் தொடங்கலாம். நத்தை இம்மீனின் விருப்ப உணவு. அதன் ஓட்டைக் கடிப்பதால், இடைவிடாது வளரும் பற்களும் தேயும். இரத்தப்புழு, கொசுப்புழு, ஆர்ட்டீமியா ஆகியவற்றையும் இது உண்ணும். உருண்டைத் தீனியைப் பெரும்பாலும் தொடாது.

மீன் வாங்கும் நாள்

ஒட்டிய வயிறும் மங்கிய நிறமும் உடையவற்றைத் தவிர்த்து, கண்களைச் சுழற்றிச் சுறுசுறுப்பாக இரை தேடுபவற்றைத் தெரிவுசெய்க. வீட்டில் வளர்த்துப் பெருக்கிய குஞ்சுகள் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்பது, ஆற்றுக்கும் நாம் செய்யும் நன்மை. மீனை வலையில் அள்ளாமல், சிறு குவளையில் நீரோடு முகந்து மாற்ற வேண்டும். அச்சத்தில் காற்றை விழுங்கி உடலை உப்பவைத்துக்கொண்டால் அதனை வெளியேற்ற இம்மீன் மிகவும் துன்புறும். பிறகு வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றிவந்தால் போதும். எக்காரணம் கொண்டும் மீனை ஊர் ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் முறை நாங்கள் ஏழு வாரங்கள் காத்திருந்தோம். வெறும் தொட்டியை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டனர். சோதனைக் குறிப்பேட்டை இளையவளே பேணினாள். இரண்டு சுழியங்கள் வரிசையாக வந்த வாரத்தின் முடிவில், "இனி வாங்கலாம்" என்று அவளே சொன்னாள். அன்று வந்த மூன்று மீன்களும் ஓராண்டைக் கடந்துவிட்டன. ஞாயிறுதோறும் அவள் இன்றும் நீரைச் சோதித்த பிறகே அவற்றுக்கு நத்தை இடுகிறாள்.