பதிப்புரிமை வழக்கில் வென்ற பிரதிவாதியும் செலவுத்தொகையும்: மூலபாடப் பதிப்பாளர் நோக்கில்

திருவில்லிபுத்தூர் தந்த பெரியாழ்வார், ஆண்டாள் பாசுரங்களுக்கு இன்று எவரும் பதிப்புரிமை கோர இயலாது. அவற்றுக்கு அண்மைக்கால அறிஞர் ஒருவர் எழுதிய உரைக்கோ, அவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. மூலம் பொதுவாகவும் உரை தனியுடைமையாகவும் அமைவதால், முன்னைப் பதிப்புகளை ஒப்புநோக்கிப் புதுப்பதிப்பு வெளியிடுவோர் வழக்கிற்கு உள்ளாக வாய்ப்புண்டு. பொதுவுடைமையான மூலத்தில் பதிப்பாளர் சேர்ப்பவற்றுள் குறைந்த அளவேனும் படைப்புத்திறன் கொண்டவையே காப்புப் பெறும் என ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்சநீதிமன்றம் 2007இல் கூறியது. சந்தி பிரித்தல் மட்டுமே அவ்வளவையை எட்டுமா என்பது ஐயத்திற்குரியது.

இராசபாளையத்துப் பதிப்பாசிரியர் ஒருவர்மீது உள்ளூரிலேயே இத்தகைய வழக்குத் தொடரப்படுவதாகக் கொள்வோம். பதிப்புரிமைச் சட்டம் (1957) 62ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்திற்குக் கீழான மன்றம் இதனை விசாரித்தல் கூடாது. ஆதலின் விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் அமைந்துள்ள திருவில்லிபுத்தூருக்கே அவர் செல்ல வேண்டும். வாதி தாம் வாழும் இடத்திலும் வழக்கிட அதே பிரிவு இடந்தருவதால், தொலைவும் செலவும் இன்னும் மிகலாம்.

அவர் வென்றால் செலவு மீளுமா? பதிப்புரிமைச் சட்டம் 55(3) செலவுத்தொகையை நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு விடுகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 35ஆம் பிரிவோ, வென்றவருக்குச் செலவுத்தொகையை மறுப்பின் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது. நடைமுறை வேறு. ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தைத் தழுவியதாகத் திரைப்படம் ஒன்றின்மீது தொடரப்பட்ட ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் (1978) படத்தரப்பு உச்சநீதிமன்றம் வரை வென்றும், அங்குச் செலவுத்தொகைக்கு ஆணை பிறக்கவில்லை.

பொய்யான அல்லது தொல்லைதரும் வழக்கிற்கு ஈட்டுச்செலவு வழங்கும் 35அ பிரிவின் உச்சவரம்பு ரூ.3,000 மட்டுமே. அதற்கும், வாதியின் கோரிக்கை பொய்யென அவரே அறிந்திருந்தார் என்னும் மறுப்பைப் பிரதிவாதி எழுப்பியிருத்தல் வேண்டும். எதிர்வழக்குரையிலேயே இதனைப் பதிதல் நன்று. பலர் தவறவிடும் இடம் இதுவே.

செலவுத்தொகை நியாயமான மெய்ச்செலவாக அமைய வேண்டும், வென்றவர் செலவிட்ட நேரமும் பயணமும் தங்கலும் அதில் அடங்கும் எனச் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் (2005) உச்சநீதிமன்றம் கூறியது. எனினும் சஞ்சீவ் குமார் ஜெயின் வழக்கில் (2011), டெல்லி உயர்நீதிமன்றம் விதித்திருந்த ரூ.45.28 லட்சம் நிலைக்கவில்லை. விதிகள் வகுத்த அளவை மீறி மெய்ச்செலவு வழங்க இயலாது என்ற அம்மன்றமே அவ்விதிகளைத் திருத்தவும் பரிந்துரைத்தது.

2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. பதிப்புரிமைப் பூசல் அதன்கண் வணிகப்பூசலாகும். 2018 முதல் மதிப்பு ரூ.3 லட்சம் இருந்தாலே போதும். தோற்றவர் செலவைத் தருவதே அங்குப் பொதுவிதி. வழக்கறிஞர் கட்டணமும் சாட்சிச்செலவும் அதில் அடங்கும். 35அ பிரிவின் ரூ.3,000 வரம்பும் அங்கு நீக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் ஃபோகர்ட்டி வழக்கு (1994), வென்ற பிரதிவாதியையும் வாதியையும் கட்டணம் வழங்குவதில் ஒருநிகராக நோக்கப் பணித்தது. அப்பாடகர் பின்னர்ப் பெற்றது 13 லட்சம் டாலருக்கு மேல்.

ஆகவே, வழக்கின் மதிப்பு ரூ.3 லட்சத்தை எட்டுகிறதா என்பதே பிரதிவாதி முதலில் நோக்க வேண்டியது. கட்டணப் பற்றுச்சீட்டுகளையும் பயணச்சான்றுகளையும் தொடக்கம் முதலே அவர் தொகுத்து வைத்தல் வேண்டும். செலவுத்தொகை தீர்ப்பாணையில் இடம்பெற்றபின் வாதி செலுத்தாவிடில், 12 ஆண்டுகளுக்குள் நிறைவேற்றுமனு வழியே அதனை வசூலிக்கலாம்.